பாலிஷ் போட்டா கார் புதுசு மாதிரி ஆகுமா? அப்பாவோட கருப்பு கார்ல நான் பட்ட பாடு

உங்க கார் 5 வருஷம் ஆச்சு, கலர் டல்லடிக்குது, வெயில்ல பாத்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுது, கடையில பாலிஷ் பண்ணி, பெயின்ட் மேல இறுகி நிக்கிற செராமிக் கோட்டிங்ங்கிற பூச்சு போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்புறம் கோடே விழாதுங்கிறாங்க, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. கண்ணாடி மாதிரி ஆகும், அது நிஜம்தான். கோடே விழாதுங்கிறத மட்டும் நம்பாதீங்க. இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல, ஏன்னா இதே வார்த்தைய நம்பித்தான் எங்க அப்பா கார குடுத்தேன்.

அது கருப்பு கார். அப்பா 11 வருஷம் ஓட்டினார், கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் இனி நீ வச்சுக்கோம்மான்னு சாவிய எங்கிட்ட குடுத்துட்டார். அந்தக் கார தினமும் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பழைய பனியன் துணிய நாலு தடவை உதறிட்டு கூரையில ஆரம்பிச்சு கதவு வரைக்கும் தொடைப்பார், தண்ணி கிடையாது, வெறும் துணி, ஒரு நாள் தவறினதில்ல. காலேஜ் போறப்போ அந்தக் கதவுல முகம் பாத்து தலைய சரி பண்ணிட்டுத்தான் நான் கிளம்புவேன். நான் ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் சிக்னல்ல நிக்கிறேன், பானெட் மேல நேரா வெயில் விழுது, அந்த வெளிச்சத்த சுத்தி மெலிசா நூல் நூலா அத்தனை கோடு, கருப்பு சாம்பலா தெரியுது. மனசு கேக்கல, அந்த வாரமே கடைக்குப் போயிட்டேன்.

துணைக்கு தம்பியும் வந்தான். இத சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தமில்லைனாலும் பரவால்ல. கார் என் பேர்ல இருக்கு, ஓட்டிட்டு வந்தது நான், கேள்வி கேக்குறது நான், அந்தக் கடைக்காரர் பதில் சொன்னது பூரா தம்பி மூஞ்சியப் பாத்து. எந்தப் பேட் (பாலிஷ் மிஷின் முனையில மாட்டுற பஞ்சு) போடுவீங்கன்னு நான் கேட்டா, "சார், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்". தம்பிக்கு கார்னா ஏறி உக்கார்றது மட்டும்தான், அவனே ரெண்டு தடவை "அக்காகிட்ட சொல்லுங்க"ன்னான், அப்பவும் மாறல. பொம்பளைக்கு என்ன தெரியப் போகுதுங்கிற அந்த நெனப்பு இருக்கே, அன்னிக்கு எனக்கு பாலிஷ் பத்தி ஒண்ணும் தெரியாதுதான், ஆனா தெரியாதவங்க கேட்டா சொல்லணுமில்லையா? சொல்லியிருந்தா பாதி சேதம் நடந்திருக்காது.

சாயங்காலம் போய் எடுத்தேன். நிஜமாவே பிரமாதமா இருந்துச்சு, மேல போற மேகம் பானெட்ல ஓடுது. அப்பா வெளிய வந்து உள்ளங்கைய வச்சுத் தடவிப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம கொஞ்ச நேரம் நின்னார். மூணு வாஷ்தான். மூணாவது வாஷ் முடிஞ்ச ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்டுக்கு அடியில நிக்கும்போது பாக்குறேன், பழைய கோடு முக்காவாசி அப்படியே இருக்கு, அதோட புதுசா மிஷின் போன பாதையெல்லாம் பட்டை பட்டையா நெளியுது, அதுக்கு ஹாலோகிராம்னு பேர்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒரே அச்சுல வேகமா சுத்துற ரோட்டரி மிஷின கரடுமுரடான பேட் போட்டு வேகமா ஓட்டிட்டு, அடுத்த மெலிசான பாலிஷ் ஸ்டெப்ப செய்யாம, எண்ணெயும் ஃபில்லரும் (பள்ளத்த அடைக்கிற பொருள்) இருக்கிற ஒரு கிரீம பூசி கோட்ட மறைச்சு குடுத்திருக்காங்க. ஷாம்பு பட பட அது கரைஞ்சு போயிடுச்சு.

அத விடப் பெரிய வலி வேற. பானெட்டோட முன் விளிம்புல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் மங்கலா இருந்துச்சு, அழுக்குன்னு நெனச்சு வெள்ளைத் துணியில துளி பாலிஷ் வச்சு தேய்ச்சேன், துணி கருப்பாச்சு. கலர் வந்துட்டு இருக்கு. அதாவது மேல இருக்கவேண்டிய க்ளியர் கோட் அந்த இடத்துல இல்லவே இல்ல, மிஷின் தின்னுடுச்சு.

இங்கதான் நீங்க கவனமா படிக்கணும், பாலிஷ்னா ஏதோ மேல பூசுறதுன்னு நானும் நெனச்சிட்டுத்தான் இருந்தேன். இப்ப வர்ற கார்கள்ல கலருக்கு மேல நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கும், அதான் க்ளியர் கோட், பளபளப்பு பூரா அதுலதான், வெயில்லருந்து கலர காப்பாத்துறதும் அதான். கம்பெனியில அடிச்ச மொத்த பெயின்ட்டே பொதுவா 100லருந்து 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும்தான், அதுல க்ளியர் கோட் ஒரு 35லருந்து 50. நம்ம தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான், அப்ப பாத்துக்கோங்க. கோடுங்கிறது அந்த அடுக்குல விழுந்த பள்ளம். பாலிஷ் பண்றதுன்னா பள்ளத்தோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்கிறத சீவி சமமாக்குறது. காம்பவுண்ட்ங்கிற சொரசொரப்பான பாலிஷ கடுமையா போட்டா ஒரே தடவையில 3, 4 மைக்ரான் கூட போயிடும், போனது திரும்ப வராது. அதுலயும் விளிம்புகள்ல பெயின்ட் மெலிசாத்தான் உக்காந்திருக்கும், சூடும் அங்கதான் சீக்கிரம் ஏறும். அப்புறமா பெயின்ட் அளக்குற மீட்டர் ஒண்ணு இரவல் வாங்கி வச்சுப் பாத்தேன், கூரையில 118, பானெட் நடுவுல 109, அந்த விளிம்புக்குப் பக்கத்துல 81. மீட்டர் மொத்த கனத்தத்தான் காட்டும், க்ளியர் கோட்ட தனியா காட்டாது, சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பர்ல வேலையும் செய்யாது, ஆனா எங்க நிறுத்தணும்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

இத படிச்சிட்டு டீட்டெய்லிங், அதாவது கார் கழுவி பாலிஷ் போடுற தொழில் பண்றவங்க சண்டைக்கு வரவேண்டாம். ரோட்டரி கெட்ட மிஷின்னு நான் சொல்லல, கை பழகினவங்க அதுல செய்ற வேலைய என்னால பத்து வருஷம் ஆனாலும் செய்ய முடியாது. ஒரே நாள்ல முழு கார முடிச்சு சொல்லாம மறைச்சு குடுக்கிறவங்களத்தான் சொல்றேன்.

அதுக்கப்புறம் நானே செஞ்சேன், டூயல் ஆக்‌ஷன் மிஷின் வாங்கி, நாலு ஞாயித்துக்கிழமை. இந்த மிஷின் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும், ஒரே இடத்துல அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறாது, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதான் பாதுகாப்பு. மிஷினத் தொடுறதுக்கு முன்னாடி கழுவுற வேலைக்கே ஒரு நாள் போச்சு. ஷாம்பு வாஷ், அப்புறம் இரும்புத் தூள கரைக்கிற அயர்ன் ரிமூவர், அடிச்ச ரெண்டு மூணு நிமிஷத்துல பின் சக்கரத்துக்கு மேல கத்திரிப்பூ கலர்ல கோடு கோடா வழிஞ்சுது, பிரேக்லருந்து பறந்து பெயின்ட்ல குத்திக்கிட்டு நிக்கிற இரும்புத் தூள் அது. அதுக்கப்புறம் கிளே பார், பெயின்ட்ல ஒட்டினத இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி ஒரு கட்டி, நல்லா வழுக்குற மாதிரி தண்ணி அடிச்சுட்டுத்தான் தேய்க்கணும். கையில மெலிசு பிளாஸ்டிக் கவர் போட்டுத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு தெரியுதே அதெல்லாம் போயிடும். இத விட்டுட்டு பாலிஷ் போட்டா அந்தத் தூளையே வச்சு தேய்க்கிற மாதிரி. விளிம்புக்கும் ரப்பருக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, பானெட்ல ரெண்டடி சதுரம் மட்டும் எடுத்து, இருக்கிறதுலயே மெதுவான பாலிஷ், மெத்து பேட், அதுல ஆரம்பிச்சேன். அதுவே 70 சதவீத கீறல எடுத்துடுச்சு, அதுக்கு மேல காம்பவுண்ட் பக்கமே போகல. நகம் வச்சுத் தடவினா மாட்டுற கோட்ட அப்படியே விட்டுட்டேன், அத பாலிஷ்ல எடுக்கப் போனா கலர்ல போய் நிக்கும். ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் தண்ணி கலந்த ஐபிஏ (எண்ணெய் எடுக்கிற ஒரு ஆல்கஹால்) ஸ்பிரே பண்ணித் தொடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன், எண்ணெய் போனதுக்கு அப்புறம் தெரியுறதுதான் நிஜமான பெயின்ட்.

சீல் பண்ற விஷயத்துக்கு வர்றேன், பாலிஷ் முடிஞ்ச பெயின்ட் மேல பாதுகாப்புக்கு ஒரு பூச்சு போடுறது. கார்னௌபா வாக்ஸ், பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட இலையிலருந்து எடுக்கிறது, கருப்புக்கு ஒரு ஈரமான ஆழம் குடுக்கும், ஆனா வெயில்ல நிக்கிற வண்டிக்கு ரெண்டு மாசம் தாங்கினா அதிகம். செயற்கையா தயாரிக்கிற சிந்தெட்டிக் சீலன்ட் எனக்கு அஞ்சாறு மாசம் வருது, நான் போட்டது அதான், மெலிசா பூசி, வெளுத்ததும் தொடைச்சு எடுக்கணும், கெட்டியா பூசினா வேஸ்ட். செராமிக் கோட்டிங் வருஷக் கணக்குல நிக்கும், அழுக்கு சுலபமா ஒட்டாது, கழுவ சுலபம், எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா 9H, 9Hன்னு சொல்றாங்களே, அது பென்சில் கடினத்துல ஒரு அளவு, பென்சில் கோடு கிழிக்கலைன்னு அர்த்தம், அவ்ளோதான். கோட்டிங்கோட கனமே ஒண்ணு ரெண்டு மைக்ரான், துணியில மண் இருந்தா அதுலயும் கோடு விழும். இன்னொண்ணு, அடியில இருக்கிற கீறலையும் சேத்துத்தான் கோட்டிங் பூட்டி வைக்கும், அப்புறம் அந்தக் கீறல எடுக்கணும்னா கோட்டிங்கையே சீவி எடுத்தாகணும்.

உங்க காருக்கும் கோடு வந்தது எப்படின்னு நான் பாக்காமலே சொல்லுவேன், காஞ்ச தூசி மேல காஞ்ச துணி. அப்பாகிட்ட இத சொல்ல எனக்கு வாய் வரல. 11 வருஷம் அவர் அந்தக் கார்கிட்ட காட்டின பாசமே அந்தத் துணிதான். நான் மூணாவது ஞாயிறு கதவுக்கு டேப் ஒட்டிட்டு இருக்கிறப்போ பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தவர் அவராவே, "ஏம்மா, நான் தொடைச்சதுலதான இது"ன்னார். இல்லப்பான்னு சொல்லிட்டேன். அவர் நம்பல. இப்ப ரெண்டு பக்கெட் வச்சுத்தான் கழுவுறோம், ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல கையுறைய அலசுற வெறும் தண்ணி, அலசுற பக்கெட் அவர் பொறுப்பு, அடியில மண் தேங்கினதும் காட்டுவார். தொடைக்கிறதுக்கு தடிமனான மைக்ரோஃபைபர், அதுவும் ஈரம் ஒத்தி எடுக்க மட்டும்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, கடையில குடுங்க, தப்பில்ல, ஆனா சாவிய குடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டு வாங்கிக்கோங்க. மீட்டர் வச்சு ஒவ்வொரு இடத்துலயும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்க. முதல்ல ஒரு சின்ன இடத்துல மட்டும் செஞ்சு காட்டச் சொல்லுங்க. கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி ஐபிஏ போட்டுத் தொடைச்சிட்டு உங்கள கூப்பிட்டு டார்ச் வெளிச்சத்துல காட்டணும்னு சொல்லுங்க. மூஞ்சி சுளிச்சா வேற கடை பாருங்க. அந்த நகம் அளவு இடத்த சரி பண்ண பானெட் முழுசும் திரும்ப பெயின்ட் அடிக்கணும்ங்கிறாங்க, கம்பெனி பெயின்ட்ட எடுக்க மனசு வராம அதுக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வாக்ஸ் வச்சு காப்பாத்திட்டு இருக்கேன்.