பெட்டியில் அச்சிடப்படாத எண்: கைபேசி, டேப்லெட், செயலிகள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கைபேசி வாங்க இருக்கிறேன். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி. மற்றொன்று அதே விலையில் வேகமான சிப், 120 ஹெர்ட்ஸ் திரை, 80 வாட் சார்ஜர் என்று எல்லாம் கூடுதலாகத் தரும் வேறொரு நிறுவனத்தின் கைபேசி. கடைக்காரர் இரண்டாவதையே வற்புறுத்துகிறார். ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க விரும்புகிறேன். எதை வாங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐந்து ஆண்டுகள் என்று நீங்களே சொல்லிவிட்டதால், ஏ16 கைபேசியை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அதன் சிப் சாதாரணமானது. திரை 90 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. சார்ஜ் ஏறும் வேகம் 25 வாட்தான், அந்த சார்ஜரையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆனால், 2024 அக்டோபரில் வெளிவந்த இந்தக் கைபேசிக்கு ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஆறு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தருவதாக சாம்சங் உறுதியளித்திருக்கிறது. இந்த விலையில் கிடைக்கும் மற்ற கைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டு அல்லது மூன்று பதிப்புகளோடு நின்றுவிடுகின்றன.

பெட்டியின் மேல் மெகாபிக்சல், வாட், ஜிபி என்று எத்தனையோ எண்களை அச்சிடுகிறார்கள். புதுப்பிப்பு எந்த ஆண்டோடு முடிகிறது என்பதை மட்டும் அச்சிடுவதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை கூகுள் 2015 முதல் அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. அவற்றை அடைக்கும் திருத்தத்தைத் தன் கைபேசிகளுக்குக் கொண்டுசேர்ப்பது தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அந்தச் சேவை நின்ற பிறகும் கைபேசி வழக்கம்போல் ஓடும், ஆனால் உலகறிந்த ஓட்டைகள் அதில் அடைபடாமல் கிடக்கும். வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் ஒரு கருவியை அந்த நிலையில் வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிறகு செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். 2025 மே மாதம் வாட்ஸ்அப் தன் குறைந்தபட்சத் தேவையை, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1 ஆக உயர்த்தியபோது, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஐபோன் 6 கைபேசிகளிலும் வாட்ஸ்அப் நின்றுபோனது.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றும் உண்டு. இந்த ஆண்டுக் கணக்கு, கைபேசி முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது; நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. ஆகவே, தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மாடலை வாங்குபவர், அதன் ஆயுளில் இரண்டு ஆண்டுகளை வாங்கும்போதே இழந்துவிடுகிறார்.

கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைபேசிக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் என அறிவித்த பிறகுதான் இந்தப் போட்டி சூடு பிடித்தது. ஆப்பிள் அறிவிப்பு ஏதுமின்றியே இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ் கைபேசிக்கு 2023 ஜனவரியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ இது சட்டமாகவே ஆகிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு தந்தாக வேண்டும். நம் நாட்டிலும் இப்படியொரு விதி வர வேண்டும். விலை குறைந்த கைபேசியை வாங்குபவர்தான் அதை நீண்ட காலம் வைத்திருக்கிறார். அவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. தினமும் மணிக்கணக்கில் விளையாடுபவர் நீங்கள் என்றால் ஏ16 உங்களைச் சோர்வடையச் செய்யும். அப்போது கடைக்காரர் சொல்வதே சரி.

கேள்வி: கல்லூரியில் சேரும் என் மகளுக்கு, பாடக் குறிப்புகளைக் கையால் எழுதவும் பிடிஎஃப் புத்தகங்களைப் படிக்கவும் ஒரு டேப்லெட் வேண்டும். ஐபேட்தான் சிறந்தது என்கிறாள். சாம்சங் டேப்லெட் ஏன் கூடாது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஐபேட் சிறந்தது என்று உங்கள் மகள் சொல்வது பொதுவாகச் சரிதான். பெரிய திரைக்கென்றே வடிவமைத்த செயலிகள் ஐபேடுக்கு 2010இலிருந்தே எழுதப்பட்டு வருகின்றன. ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ கைபேசிச் செயலியையே இழுத்து அகலமாக்கியதுபோல் தோன்றும் செயலிகள் இன்றும் பல இருக்கின்றன. சாதனத்தின் ஆயுளிலும் ஐபேடை எளிதில் குறை சொல்ல முடியாது: 2014இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 15 வரை ஏற்றுக்கொண்டது.

ஆனால், கையால் எழுதுவது முதன்மையான தேவை என்றால், விலை குறைந்த ஐபேடைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 2025இல் வந்த, ஆப்பிளின் ஏ16 சிப் கொண்ட அடிப்படை ஐபேடில், மேல் கண்ணாடிக்கும் அதன் கீழுள்ள திரைக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. கணக்கோ படமோ போடும்போது இது பெரிதாகத் தெரியாது. சிறிய எழுத்தில் தமிழ் எழுதிப் பாருங்கள்: ‘ழ’வின் கீழ்ச்சுழிப்பையோ ‘ஞ’வின் உள்வளைவையோ போடும்போது, பேனா முனை ஓரிடத்திலும் கோடு அதற்கு ஒரு மயிரிழை கீழேயும் இருப்பதைக் கண் பிடித்துவிடும். பேனாவையும் தனியாக வாங்க வேண்டும். யுஎஸ்பி-சி வகை ஆப்பிள் பென்சில், அழுத்திப் பிடித்தால் கோடு தடிப்பதை உணராது. முதல் தலைமுறைப் பென்சில் அதை உணரும். ஆனால் இந்த ஐபேடோடு அதை இணைக்கவே தனியாக ஓர் அடாப்டர் வேண்டும். மாடி ஏறி ஐபேட் ஏருக்குச் சென்றால் இந்தக் குறைகள் தீரும், செலவு வெகுவாகக் கூடும்.

சாம்சங்கின் டேப் எஸ்10 எஃப்இ மாடலில் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. எழுதுவதற்கு அந்தப் பேனாவுக்கு மின்னேற்றம் தேவையில்லை, ஏனெனில் திரையின் அடியிலுள்ள மின்காந்தத் தளத்திலிருந்தே அது ஆற்றலைப் பெறுகிறது. தேர்வு நாளின் காலையில் பேனாவில் சார்ஜ் இல்லை என்ற கவலை எழ வழியில்லை. நீரும் தூசியும் உட்புகாத ஐபி68 தரம் இதற்கு உண்டு. மெமரி கார்டும் போடலாம். எந்த ஐபேடிலும் கார்டுக்கு இடமில்லை. பாடப்புத்தகங்களும் பதிவு செய்த வகுப்புகளும் சேரச் சேர, இது சிறிய வசதி அல்ல.

ஆகவே, குறிப்பெடுக்கவும் படிக்கவும் மட்டும் என்றால் சாம்சங்கைத் தேர்ந்தெடுப்பேன். உங்கள் மகள் ஓவியமோ வடிவமைப்போ படிக்கிறாள் என்றால் என் பதில் மாறும். புரோகிரியேட் என்னும் ஓவியச் செயலிக்கு ஆண்ட்ராய்டில் பதிப்பே இல்லை. ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும் என்ற அதன் விற்பனை முறையையும், மாதச் சந்தா கேட்கும் செயலிகள் பெருகிவிட்ட இந்நாளில் மனமாரப் பாராட்டுகிறேன். எதை வாங்குவதாயினும், கடையில் நின்றபடியே அவளுடைய வழக்கமான கையெழுத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 200 மெகாபிக்சல் கேமரா, 50 மெகாபிக்சல் கேமராவைவிட நான்கு மடங்கு தெளிவாகப் படம் எடுக்குமா? ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் குடும்ப விழாக்களைப் படமெடுக்க எது நல்லது?
– வாசகர், காரைக்குடி

பதில்: எடுக்காது. 200 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் சென்சார் நான்கு புள்ளிகளைச் சேர்த்து அதே 12.5 மெகாபிக்சலைத் தருகிறது. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை சென்சாரின் பரப்பளவு, லென்ஸ், கை அசைவை ஈடுகட்டும் ஓஐஎஸ் வசதி, படத்தை மெருகேற்றும் மென்பொருள் ஆகியவை. விலை குறைந்த கைபேசிகளில் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படும் 2 மெகாபிக்சல் கேமராக்களை இல்லாதவை என்றே கருதிவிடுங்கள்.

திருமண மண்டபத்தில் மாலை நேர வரவேற்பின்போது, மஞ்சள் விளக்கொளியில் பட்டுப்புடவையின் சரிகையைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மென்பொருள் மிகையாகக் கூர்மையாக்கும் கைபேசியில் சரிகை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பொன்னிறப் பூச்சாகத் தெரியும். முகங்கள் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துவிடும். மாநிறத்தையும் கருநிறத்தையும் உள்ளபடி காட்டுவதை நான் கேமராவின் முதல் தகுதியாக வைக்கிறேன். அந்த வகையில், நிழற்படத்துக்கு கூகுளின் பிக்சல் ‘ஏ’ வரிசையைப் பரிந்துரைக்கிறேன். பிக்சல் 9ஏ கைபேசிக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பும் உண்டு. காணொளியே முதன்மை என்றால், ஒரு தலைமுறை பழைய ஐபோன் அதைவிட மேல்.

கேள்வி: பயன்படுத்திய கைபேசி வாங்கும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

பதில்: *#06# என அழுத்தினால் வரும், கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இட்டுப் பாருங்கள். திருட்டுப் புகாரால் முடக்கப்பட்ட கைபேசி என்றால் அங்கே தெரிந்துவிடும். ஐபோன் என்றால், விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண் முன்னே வெளியேறிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை ஆகிய நான்கில் எது பாதுகாப்பானது? டெலிகிராம்தான் மிகவும் ரகசியமானது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: நண்பர்களின் எண்ணம் பரவலானது, ஆனால் தவறானது. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களில் முழு மறையாக்கம், அதாவது பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்யும் பாதுகாப்பு, கிடையாது. அவை அந்நிறுவனத்தின் சர்வர்களில் தங்குகின்றன. ‘ரகசிய உரையாடல்’ என்ற வசதியை நீங்களாகத் திறந்தால்தான், அதுவும் இருவருக்கு இடையே மட்டும், அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். குழுக்களுக்கு அது இல்லவே இல்லை. செய்தி அலைவரிசைகளைப் பின்தொடர டெலிகிராம் மிக நல்ல செயலி. குடும்ப விஷயங்களைப் பேச அதை நான் ஏற்கமாட்டேன்.

வாட்ஸ்அப் 2016 முதல் எல்லா உரையாடல்களையும் முழு மறையாக்கத்தோடு அனுப்புகிறது. அதன் பலவீனம் சேமிப்பில் இருக்கிறது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும் பேக்கப்புக்கான மறையாக்கம் 2021இல்தான் வந்தது, அதையும் நீங்களே இயக்க வேண்டும். அமைப்புகளில் ‘சாட் பேக்கப்’ பகுதிக்குச் சென்று இன்றே அதைச் செய்துவிடுங்கள். கடவுச்சொல்லைத் தொலைத்தால் அந்தப் பேக்கப்பை யாராலும் மீட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலும், நீங்கள் யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற விவரம் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்குத் தெரிய வாய்ப்புண்டு.

அந்த விவரத்தையும் மிகக் குறைவாக வைத்திருப்பது சிக்னல். இலாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்தும் செயலி அது, விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், பின்னர் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, 2018இல் சிக்னல் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்துத் துணைநின்றார். நான்கில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் சிக்னல் என்பேன்.

ஜோஹோவின் அரட்டை, 2025 செப்டம்பரில் திடீரென்று பெரும் வரவேற்பைப் பெற்றது. விலை குறைந்த கைபேசியிலும் இலகுவாக ஓடுவது அதன் சிறப்பு. நம் மண்ணில் உருவான செயலி என்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு. எனினும், அந்த வரவேற்பின்போது குரல், காணொளி அழைப்புகளுக்கு மட்டுமே முழு மறையாக்கம் இருந்தது. எழுத்து உரையாடலுக்குக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. உங்கள் உரையாடலின் விவரப் பக்கத்தில் மறையாக்கம் பற்றிய குறிப்பு காட்டப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் முக்கியமானவற்றைப் பகிருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். கைபேசியில் நீண்ட கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகை ஏற்றது?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: நீண்ட கட்டுரை என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும்; ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும்போது முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். ‘ங’வை அடுத்துக் ‘க’ தட்டினால் ‘ங்க’ தானாக அமையும். தமிழின் புணர்ச்சி இலக்கணம் அறிந்த உங்களுக்கு இது பழகச் சில நாள்களே ஆகும்.

ஐபோனில் தமிழ்99, ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ் எழுதும் அஞ்சல் ஆகிய இரண்டும் இயங்குதளத்தோடே வருகின்றன. ஆண்ட்ராய்டில், உங்கள் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டு அமைப்புகளும் அதில் உண்டு. கூகுளின் ஜிபோர்டு, பேசுவதைத் தமிழில் எழுதித் தரும். 2017இல் வந்த அந்த வசதி இப்போது வெகுவாக மேம்பட்டிருக்கிறது. முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஒற்று மிகும் இடங்களில் அது அடிக்கடி தடுமாறுவதால், வரைவை ஒருமுறை தமிழ்99 கொண்டு திருத்திவிடுங்கள்.