தோட்டச் சம்பளமும் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவும்: கேள்வி பதில்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் சம்பளச் சிட்டைகளைப் படித்து விளக்கம் சொல்லிவரும் ஒருவரிடம் கேட்கப்பட்டவற்றில் சில.

ஐயா, 1,350 ரூபாய் நாட்சம்பளம் 1,750 ஆகிவிட்டது என்கிறார்கள். அம்மாவின் கைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கூட வருமா? (தலவாக்கலை)

முழுதாக வராது. 2026 ஜனவரியிலிருந்து அடிப்படை நாட்சம்பளம் 1,550. மீதி 200 ரூபாய் வேலைக்கு வந்த நாளுக்கு அரசு தரும் ஊக்கத்தொகை. அம்மாவுக்கு மாதம் 25 முழுப்பேர், அதாவது 25 முழு நாள் சம்பளம், விழுந்தால் அடிப்படை 38,750. அதில் 8 சதவீதம், அதாவது 3,100 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். ஊக்கத்தொகை 5,000ஐச் சேர்த்தால் 40,650. பழைய கணக்கில் இது 31,050. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா போன்ற கழிவுகள் இதற்குப் பிறகு.

ஆனால் தோட்டத்தில் 18 நாள்தான் வேலை கொடுத்தார்கள் என்று வையுங்கள். புதிய சம்பளத்திலேயே 29,268தான் வரும். பழைய சம்பளத்தில் 25 நாள் உழைத்தபோது வந்ததைவிட இது குறைவு. எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்காமல் எத்தனை நாள் என்றும் கேளுங்கள்.

18 கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) போடுகிறார்கள். இது சரியா? (பொகவந்தலாவை)

சம்பளம் ஏறும்போதெல்லாம் பல தோட்டங்களில் எடுக்கச் சொல்லும் கொழுந்து நிறையும் ஏறுகிறது. 2021இல் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாய் வந்ததும் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. எத்தனை கிலோ என்று பேசி முடிவெடுக்க இருந்த மேசையும் அதோடு போயிற்று. மழையில்லாத மாதத்தில், உரம் காணாத மலையில், 18 கிலோவுக்கு யார் எங்கே போவது? தராசில் தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பதை வேறு பாருங்கள். நிறுக்கும்போதே எடையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சங்கத்திடமோ தொழில் திணைக்களத்திடமோ போகும்போது அந்தக் கொப்பிதான் பேசும்.

2019இல் 200 ரூபாய் ஏற்றியதாகச் சொன்னார்களே, வீட்டில் வித்தியாசமே தெரியவில்லையே? (பதுளை)

எப்படித் தெரியும்? அதற்கு முன் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலையையொட்டிய விலைப்பங்கு 30; ஆக 730. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது, விலைப்பங்கு 50 ஆனது, மற்ற இரண்டும் போய்விட்டன. மொத்தம் 750. எல்லாம் கிடைத்துவந்தவருக்கு ஏறியது இருபதே ரூபாய். மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் இதைச் சொல்லவில்லை. ஒரு நன்மை மட்டும் உண்மை: சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகிறது. முதலாளி போடும் 12 சதவீதமும் அதோடு கூடியது.

சம்பளம் கூடினால் அஸ்வெசுமவை வெட்டிவிடுவார்களா? (இறக்குவானை)

சம்பளத் தொகையை மட்டும் வைத்து வெட்டுவதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறியீடுகளைப் பார்த்துப் புள்ளியிடுகிறார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) எட்டுப் பேர் நெருக்கிப் படுத்தாலும், படிவத்தில் தவறாக நிரப்பிய ஒரு பதில் உங்களை வெளியே தள்ளிவிடலாம். வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்பதால், நழுவவிட்டால் அடுப்படியில் தெரியும். பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தர் வாயால் சொன்னதோடு திரும்பிவிடாதீர்கள்.

மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவனுக்கும் 1,550தானா? (ஹட்டன்)

இல்லை, அது தோட்டத்துக்கு மட்டும். அவனுக்குத் தேசிய குறைந்தபட்சச் சம்பளம்: 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200. சாப்பாடும் படுக்கையும் தருகிறோம் என்று முதலாளி அதற்குக் கீழே கொடுத்தால், அது சட்டப்படி தவறு.