திரை அணைகிறதா, அணையவே மாட்டேன் என்கிறதா?

களுவாஞ்சிகுடி வாசகர்: கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கில் பாடல் படிப்பவர்களுக்காக ஆண்ட்ராய்டு செயலி எழுதினேன். பாட்டின் நடுவில் திரை அணைந்துவிடுகிறது. என் மேசையில் ஒரு தடவைகூட அணையவில்லையே?

மேசைப் புதிர் எளிது. போன் அமைப்புகளில் செயலி எழுதுவோருக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஸ்டே அவேக்’ போட்டிருப்பீர்கள். சார்ஜ் ஏறும்வரை திரை தூங்காது. கணினியோடு வயரில் மாட்டியபடியே சோதித்தால் குறை எங்கே தெரியும்? நானும் இதில் ஏமாந்தவன்தான். வயரைக் கழற்றி, திரை அணையும் நேரத்தை 15 வினாடிக்குக் குறைத்துச் சோதியுங்கள்.

மருந்து ஒரே வரி. பாடல் காட்டும் விண்டோவுக்கு, திரையை அணையவிடாத ‘ஃபிளாக் கீப் ஸ்கிரீன் ஆன்’ என்ற குறியைக் கொடுங்கள். அனுமதி எதுவும் கேட்கவேண்டியதில்லை. படிப்பவர் வேறு செயலிக்குப் போனால் அதன் பிடி தானாகவே தளர்ந்துவிடும். செயலி முழுவதும் ஒரே ஆக்டிவிட்டி (எல்லாப் பக்கங்களும் ஒரே விண்டோவில்) என்றால், பாடலை விட்டுப் பட்டியலுக்குத் திரும்பும்போது நீங்களே அதை எடுத்துவிடவேண்டும். பழைய பாடங்கள் சொல்லும் ‘ஃபுல் வேக் லாக்’ (நீங்கள் விடுவிக்கும்வரை போனைத் தூங்கவிடாத பிடி) பக்கம் போகாதீர்கள். ஆண்ட்ராய்டு 4.2-இலேயே அது வழக்கொழிந்தது. விடுவிக்க மறந்தால், பாட்டு முடியுமுன் பற்றரி முடியும்.

சம்மாந்துறை வாசகர்: நெல் லொறிகள் போகும் பாதையைப் பதியும் செயலி. திரை அணைந்தால் பதிவும் நிற்கிறது. திரையை எரியவிடலாமா?

வேண்டாம். சாரதியின் சட்டைப் பையில் கிடக்கும் போனுக்கு வெளிச்சம் எதற்கு? இருப்பிட வகை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (பயனருக்குத் தெரியும்படி தொடர்ந்து ஓடும் பணி) எழுதுங்கள். மேலே ஓர் அறிவிப்பு நிற்கும். திரை இருண்டாலும் பதிவு ஓடும்.

காத்தான்குடி வாசகர்: புடவைக் கடையில் பில் போட்டு முடிந்ததும் எங்கள் செயலியே போனைப் பூட்டவேண்டும்.

ஐபோனில் நடக்காது. ‘ஐடில் டைமர் டிசேபிள்ட்’ மூலம் தூங்காமல் தடுக்கலாம். தூங்கவைக்கும் உரிமையை ஆப்பிள் செயலிகளுக்குத் தரவில்லை. ஆண்ட்ராய்டில் போனைப் பூட்டும் ‘லாக் நவ்’ கட்டளை உண்டு, ஆனால் போனையே நிர்வகிக்கும் டிவைஸ் அட்மின் அதிகாரம் கேட்கும். அந்த அதிகாரத்தை நீக்காமல் செயலியை அழிக்கவும் முடியாது. கடையில் நிற்கும் பையன் தன் சொந்தப் போனில் இதற்குச் சம்மதிப்பானா? நானாக இருந்தால் மாட்டேன். செயலிக்குள்ளேயே இரகசிய இலக்கம் கேட்கும் திரை ஒன்றை வையுங்கள், போதும்.

வாழைச்சேனை வாசகி: என் சமையல் குறிப்புகள் வலைப்பக்கமாகத்தான் இருக்கின்றன. பிட்டு மா ஒட்டிய கையால் திரையைத் தட்டவேண்டியிருக்கிறது.

வலைப்பக்கத்துக்கும் திரையை அணையவிடாத ‘ஸ்கிரீன் வேக் லாக்’ வந்துவிட்டது. குரோமில் பதிப்பு 84 முதலும் சஃபாரியில் பதிப்பு 16.4 முதலும் வேலை செய்யும். முகவரி எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும் பாதுகாப்பான இணைப்பு) ஆக இருக்கவேண்டும். நடுவில் வாட்ஸ்அப் பார்க்கப் போனால் அது விடுபட்டுவிடும். பக்கம் மீண்டும் கண்ணில் படும்போது மறுபடி கேட்கும்படி எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.