பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறீர்களா? வர்ணம் கடைசியில்தான்

கேள்வி: எங்கள் பெற்றோர் இருந்த வீடு ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. நானும் தம்பியும் அதைச் சரிசெய்து வாடகைக்கு விட நினைக்கிறோம். உடைந்த பூச்சை ஒட்டி வர்ணம் அடித்தால் பதினைந்து நாளில் ஆள் குடிவைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. கையில் பணம் குறைவு. எதில் தொடங்குவது?

பதில்: வர்ணத்தில் மட்டும் தொடங்காதீர்கள். ஆள் புழங்கும் வீட்டில் கூரை சொட்டினால் அன்றைக்கே கண்ணில் படும். ஆள் இல்லாத வீட்டில் அதே சொட்டு ஒன்பது மழைக்காலம் சொட்டியிருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த கேடு பெரும்பாலும் தண்ணீராலும், காற்றோட்டம் இல்லாததாலும் வந்ததாகவே இருக்கும். குறைந்த பணத்தை அங்கேதான் முதலில் போட வேண்டும்.

முதல் நாள் தனியாகப் போகாதீர்கள். மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். அப்புறம் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். துடைப்பத்தை எடுக்கவே கூடாது. காய்ந்த எலிப்புழுக்கை தூசியாகப் பறந்து மூச்சில் ஏறினால் நோய் வரலாம். பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்து எடுங்கள். குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே பயப்பட வேண்டாம். தரைக்குழியின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வாயு மேலே ஏறாமல் தடுக்கிறது. அது எப்போதோ வற்றியிருக்கும். ஒவ்வொரு குழியிலும், கழிப்பறையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நாற்றம் இருந்தால் குழாயில் உடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். செப்டிக் டேங்கைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ, உள்ளே ஆளை இறக்குவதோ வேண்டவே வேண்டாம். அந்த வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போய்விடுவார்.

சரி, இப்போது மேலே ஏறுவோம். மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் வாய் சருகால் அடைபட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் செடி வேரூன்றியிருக்கிறதா என்று பாருங்கள். செடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே வேர் இருந்தால் திரும்பவும் துளிர்க்கும். பிறகு கீழே வந்து, கூரையின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். டொப்பென்று கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அந்த இடத்தின் மேல் சிமென்ட் பூசி மறைத்தால் துரு நிற்காது, தொடர்ந்து அரிக்கும். அப்படி நான்கைந்து இடம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சுவர் ஓதம் வேறு கதை. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் வியர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். சுவர் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் மேலே சிமென்ட் பூச விடாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஈரம் காயாத சுவருக்கு அவசரமாக வர்ணம் அடித்த வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மூன்றே மாதத்தில் வர்ணம் கொப்பளித்து, விரல் வைத்தால் தோல் தோலாக உரிந்தது. செலவழித்த குடும்பத்தின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கதவு நிலையிலும் சுவர் மூலையிலும் பென்சில் கனத்தில் மண்கோடு ஓடினால் அது கறையான் பாதை. அதில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். எலி கடித்த ஒயர் சுவருக்குள் இருந்தால் வெளியே தெரியாது. இணைப்புக் கொடுப்பதற்கு முன், எலக்ட்ரீசியனை மெகர் கருவியால் (ஒயரின் மேலுறை மின்சாரம் கசியாமல் தடுக்கிறதா என்று அளப்பது) ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டைக் கோளாறு கண்டுபிடிக்கும்வரை இணைக்கக் கூடாது. எர்த்தையும் சோதித்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று போட்டுவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவியபின் 1000 லிட்டருக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் (திரவ பிளீச்) ஒரு லிட்டர் வீதம் கலந்து, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். ஒரு இரவு நிற்கட்டும். காலையில் முழுவதும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், துளியாக மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். ஆகவே முதல் தடவை ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, மெதுவாகத் திறந்துவிடுங்கள்.

தம்பியோடு பேச வேண்டியதையும் இப்போதே பேசிவிடுங்கள். யார் எவ்வளவு போடுகிறீர்கள், அதை வாடகையிலிருந்து எப்படி எடுத்துக்கொள்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, பாசம் கெடாமல் இருக்கத்தான். வரி, மின்கட்டணம் பாக்கி இருக்கிறதா, ஆவணங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் படியுங்கள். வீடு காலியாக இருக்கும் காலத்துக்குப் பல பாலிசிகள் இழப்பீட்டைக் குறைத்துவிடும்.

அடுத்த தடவை போகும்போது ஒரு பென்சில் கொண்டுபோங்கள். சுவரில் விரிசல் எங்கே முடிகிறதோ, அந்த நுனியில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் மேஸ்திரியைப் பூச்சு வேலைக்குக் கூப்பிடலாம்.