தோற்காத தலைவரை நம்பிவிட்டீர்களே!

கேள்வி: சென்ற இதழ்ச் சிறுகதையில், கற்பனைத் தீவு நாடு ஒன்றின் மூத்த அரசியல்வாதி பதினொரு தேர்தலில் நின்று பதினொன்றிலும் ஜெயிக்கிறார். நாட்டின் உச்சப் பதவி வரை போய்விட்டு, எழுபது வயதுக்கு மேல் ஒரு மாநிலத்துக்கு முதல்வராக இறங்கி வருகிறார், அதுவும் தேர்தலில் நிற்காமலே! கடைசியில் பரம எதிரிகளோடு கூட்டணி வேறு. காதில் பூச்சுற்ற ஓர் அளவு வேண்டாமா? உண்மையில் அவர் யார் என்றாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், அயனாவரம், சென்னை

பதில்: நீங்கள் பூ என்று சொல்வது நம் ஊரில் பூத்ததுதான் ஐயா. 1950 ஜனவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக, மவுண்ட்பேட்டன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ராஜாஜி. பிறகு மத்திய அமைச்சர். 1952 தேர்தலில் இங்கே காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் நிற்காத ராஜாஜியை கவர்னர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். 73 வயதில் அவர் கோட்டையில் முதலமைச்சராக வந்து அமர்ந்தார். சரியா, தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் நடந்தது.

கூட்டணிக்கு வருவோம். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, அதற்காகவே ஒரு தலைமுறையின் வசவை வாங்கியவரும் இதே ராஜாஜிதான். 80 வயதில் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, 1967-இல் தி.மு.க.வோடு கைகோத்தார். இப்படி ஒரு திருப்பத்தைக் கதையில் வைக்க எனக்கே கை நடுங்கும்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. பதினொன்றுக்குப் பதினொன்று வெற்றி! அதை மட்டும் முணுமுணுக்காமல் விழுங்கிவிட்டீர்களே, எப்படி? ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, பிறகு சாஸ்திரியையும் இந்திராவையும் பிரதமராக்கிய காமராஜர், 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் காலி. அந்தத் தேர்தலில் கட்சியை ஜெயிக்கவைத்த அண்ணா யோக்கியமாகத் தப்பித்தாரா? 1962-இல் அவரையும் காஞ்சிபுரம் கைவிட்டது. 1996-இல் பதவியில் இருக்கும்போதே ஜெயலலிதாவுக்கு பர்கூர். தமிழ்நாட்டில் முதலமைச்சர் வரிசையைப் படிப்பதும் தோற்றவர்கள் பட்டியலைப் படிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

'கலைஞர் தோற்றதே இல்லையே' என்று உடனே அடுத்த கடிதம் எழுதாதீர்கள். சட்டமன்றத்துக்கு 13 முறை நின்று 13 முறையும் வென்றார், உண்மை. ஆனால் 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மறுபடி முதலமைச்சராக 1989 வரை காத்திருந்தாரே, அந்தக் காத்திருப்பு எங்கே அந்தக் கதையில்? 1991-இல் அவர் துறைமுகத்தில் கரையேறியது வெறும் 890 வாக்குகளில். வெற்றி என்று எழுதினாலும் அன்று இரவு அறிவாலயத்தில் யாரும் பட்டாசு வெடித்திருக்க மாட்டார்கள்.

நம் கதாசிரியரோ தன் தலைவருக்கு ஒரு மறு எண்ணிக்கை கூட வைக்கவில்லை. அதனால்தான் அவர் யார் என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த கதையில் ஒரு டெபாசிட்டாவது போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.