காலமா கெட்டது, மூடியா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பள்ளி விட்டு வந்ததும் தெருவுக்கு ஓடுகிறான். 3 வயதுத் தங்கையும் பின்னாலேயே ஓடுகிறாள். நாங்கள் கம்பெனியிலிருந்து வர 7 மணியாகிறது. மாமியாரால் ஓடிப் பிடிக்க முடியாது. காலம் கெட்டுக் கிடக்கிறதே, பெரியவர் துணையில்லாமல் விளையாட விடலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: காலத்தைப் போல ஓர் இளிச்சவாயன் கிடையாது. மழை பொய்த்தால் காலம் கெட்டது. மாப்பிள்ளைக்கு 38 வயதாகியும் பெண் அமையவில்லை என்றால் காலம் கெட்டது. அரிசிம்பருப்புச் சோறு குழைந்துபோனாலும் காலம்தான் கெட்டது. பதிலுக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதத் தெரியாத அப்பாவி. இந்தப் பக்கத்தின் சார்பில் அதற்கு ஒரு வக்கீல் வைக்கலாமா என்று பார்க்கிறோம். ஃபீஸ் கேட்டால் “காலம் வரும்போது தருகிறேன்” என்று சொல்லிவிடுமோ என்றுதான் யோசனை.

பையனை விடுங்கள் அம்மணி. தங்கையை விடாதீர்கள். 8 வயதுக்காரனை 3 வயதுக்குக் காவல் போட்டால் அவனுக்கும் விளையாட்டில்லை, அவளுக்கும் காவலில்லை. அவனை விடுமுன் தெருவில் கெட்டுக் கிடப்பது எதுவென்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் மூடியாக இருக்கும்.

உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் தினம் வராது; அதனால் வாசலுக்கு வாசல் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் தகர மூடி. துரு பெரும்பாலும் நடுவில் தொடங்காது. ஈரம் தங்கும் கீல் ஓரத்தைத்தான் முதலில் தின்னும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரூடிரைவரால் கீல் பக்கம் குத்திப் பாருங்கள், பொத்துக்கொண்டு இறங்கினால் மூடியை மாற்றியாக வேண்டும். புது மூடியும் தண்ணீர் விடுகிற அன்றைக்கு உதவாது. ஓஸை உள்ளே விட்டு மூடியை மல்லாத்திப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் நம்மைவிட வேகமாக வருகிறதா என்று பார்க்கப் போயிருப்போம். ஆகவே மூடிக்கு அடியில் தனியாக ஒரு கிரில் வேண்டும்: 12 எம்எம் கம்பி, 3 அங்குல இடைவெளி, தனிப் பூட்டு. ஓஸ் இறங்கும், பிள்ளை இறங்காது.

அடுத்தது போர்க்குழி, அதாவது ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு அன்பர்கள் மறுபடியும் கோபக் கடிதம் எழுத வேண்டாம். இந்தியா முழுக்க உங்கள் ரிக் வண்டி துளை போடுகிறது என்பதில் எங்களுக்கும் பெருமைதான். ஆயிரம் அடிக்குப் பில் போடும்போது மூடியையும் சேர்த்துப் பில் போடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். ஆறரை அங்குலக் குழிக்குள் 8 வயதுக்காரன் போகமாட்டான் என்று நம்பிவிடாதீர்கள்; பின்னால் ஓடும் தங்கைக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த குழந்தைக்கு 2 வயது.

மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்ட அதை மேலே தூக்கிய பிறகு குழாய் வாயில் சாக்கைச் சுற்றி ஒரு கல்லை வைக்கிறோமே, அதைத்தான் செய்யக்கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பழுது பார்க்கும்போதும் குழாய் திறந்திருக்கக் கூடாது. இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது போல்ட் நட் போட்ட மூடியை முறுக்க வேண்டும். சுற்றிலும் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமென்ட் மேடை, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30. தண்ணீர் இல்லாமல் கைவிட்டதை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். பலரும் மேலாக இரண்டு சட்டி மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அது பாதியில் அடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல மழை பெய்தால் சறுக்கி இறங்கும், குழி மறுபடி வாயைத் திறக்கும்.

விடுமுறைக்குத் தாய்மாமன் ஊருக்கு அனுப்பினால் வாய்க்காலை நினைவில் வையுங்கள். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டையில் நாங்கள் எந்தப் பக்கம் என்று இன்னும் கடிதம் வருகிறது. கசிவு நீர், கடைமடை, கிணற்று ஊற்று எல்லாவற்றையும் இரு தரப்பும் பேசிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது ஒன்று: மண்கரையில் பிடிக்கப் புல்லாவது உண்டு. பாசி படிந்த கான்கிரீட் சரிவில் நீச்சல் தெரிந்தவனுக்கும் பிடிமானம் கிடையாது. கிணற்றில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிப் பழகிய நீச்சல் ஓடும் தண்ணீருக்குப் போதாது.

நாய் கடித்தால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. திட்டு விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

‘காலம் கெட்டது’ என்று நீங்கள் சொன்னது பிள்ளை பிடிக்கிற ஆளை நினைத்து என்று தெரியும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குப் போடும் போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தெரிந்த ஆள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. “தெரியாதவரோடு பேசாதே” என்பதோடு நிறுத்தாமல், “வீட்டில் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை முதலில் என்னிடம் சொல்” என்றும் பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

ஞாயிற்றுக்கிழமை பையன் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துத் தெருவைச் சுற்றி வரச் செய்யுங்கள், நீங்கள் கூடவே போங்கள். ஆடும் மூடி, திறந்த குழி ஒவ்வொன்றையும் சுற்றி அவன் வட்டம் போடட்டும். பக்கத்திலேயே வீட்டுக்காரர் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் வெல்டிங்காரரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.