பல் சக்கரம் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: 1/35 அளவில் ஒட்டிச் செய்யும் டி-55 (சோவியத் டாங்கி) மாதிரி கிட் ஒன்று கிடைத்தது, விளக்கத்தாள் இல்லை. பல் சக்கரம் எந்தப் பக்கம்? பீரங்கிக் குழல் நுனியில் வரும் தடித்த உருளை எதற்கு? இரண்டு பீப்பாய்கள் வேறு இருக்கின்றன.
– கல்லூரி மாணவர், தக்கலை

பதில்: பல் சக்கரம் பின்னால்தான், தம்பி. என்ஜினும் அங்கேதான், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினை இழுப்பது அந்தப் பல் சக்கரம். பல் இல்லாதது முன்னால். நடுவில் ஐந்து பெரிய சக்கரங்கள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி அதிகம். டி-55-ஐ நான் அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான்.

உருளை, சுட்டபின் குழலில் தங்கும் புகை உள்ளே வராமல் வெளியேற்றும். பீப்பாய்கள் கூடுதல் டீசலுக்கு, நிஜத்தில் தலா 200 லிட்டர். பின்புறம் கிடையாக ஒட்டு.

அப்புறம் செயின். மேல்பக்கம் விறைப்பாக நிற்கக் கூடாது, தொய்ந்து சக்கரங்கள்மேல் படிய வேண்டும். நான் தையல் நூலால் இழுத்துக் கட்டி ஒட்டுவேன். நம் நாகர்கோவில் மழைக்காலத்தில், பசை காய ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவேன்.